யார்கிட்டயும் சொல்லாத, அல்வா

வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறோம். அப்பா ஓய்வுபெற்றுவிட்டார், குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பதினாறாம் பிளாக்கில் நான் பிறந்து வளர்ந்த வீடு நான்கே நாளில் அட்டைப்பெட்டிகளாகக் குறுகிவிட்டது. நேற்று மதியம் ஏணியில் ஏறி, பரண் மூலையில் கிடந்த தகரப்பெட்டியைத் திறந்தேன். உள்ளே என் பள்ளிக்கூடச் சாமான்கள். ஜியாமெட்ரி பாக்ஸின் மூடியை நெம்பியதும் அந்த வாசனை மூக்கில் ஏறியது. காம்பஸுக்கும் டிவைடருக்கும் நடுவில், மூட்டுவலிக்குத் தேய்க்கிற கறுப்புத் தைலத்தின் சின்ன டப்பா. இருபது வருஷத்தில் தைலம் கல்லாகியிருந்தது. வாசனை மட்டும் போகவில்லை.

ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழேயிருந்து அம்மா, "என்னட்டி கெடைச்சுது?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா" என்றேன்.

உன் விஷயத்தில் அம்மாவிடம் நான் சொல்லும் பொய் இன்னும் தீரவில்லை, பார்த்தாயா. நீ இறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று பலமுறை நினைத்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விட்டிருந்தேன். அந்த டப்பாவைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆறாம் வகுப்பின் முதல் நாள் நீயாகத்தான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். டவுன்ஷிப்புக்குத் தெற்கே, நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய மண் மலையாகக் கிடக்குமே, அதற்கு அந்தப் பக்கம் உன் ஊர். உன் அப்பா சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போவார்கள், அவர்களுடைய விரல் நுனிகள் எப்போதும் கறுத்து வெந்திருக்கும். அண்ணனுடைய பெரிய சைக்கிளில் குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை விட்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதித்துக்கொண்டு நீ வருவாய்.

"நீ எந்த ஊரு?" என்று கேட்டாய்.

"இங்கதான். பதினாறாம் பிளாக்."

"அது ஊரா? அது நம்பரு. ஒங்க அப்பா எந்த ஊரு?"

"திருநெல்வேலி."

"அப்ப நீ அல்வா."

அன்றிலிருந்து நான் அல்வா. வீட்டில் வைத்த பெயரைவிட அது எனக்குப் பிடித்திருந்தது. டவுன்ஷிப்பில் யாரும் யாருக்கும் அப்படி ஒட்டிக்கொள்கிற பெயர் வைப்பதில்லை. எல்லாரும் எங்கிருந்தோ வந்தவர்கள், அப்பாக்கள் ரிட்டயர் ஆனதும் போகப்போகிறவர்கள்.

நீ ஓடும் வேகத்தை முதலில் கண்டுபிடித்தது நம் பி.டி. டீச்சர். கோ-கோ விளையாட்டில் துரத்துகிறவர்கள் வளைந்து திரும்ப முடியாமல் தடுமாறும்போது, நீ தரையைக் கையால் ஒரு தட்டுத் தட்டி, அந்த வேகத்திலேயே திரும்பிவிடுவாய். ஆறாம் வகுப்பிலேயே உன்னைப் பள்ளி அணியில் சேர்த்தார்கள். நான் ஓட மாட்டேன். மைதானத்து ஓரத்தில், வேப்ப மரத்தடியில், உன் பையையும் என் பையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்திருப்பேன்.

ஏழாம் வகுப்பில் ஐப்பசி மழையின்போது உனக்குத் தொண்டைவலி வந்தது. பிறகு காய்ச்சல். ஒரு வாரம் நீ வரவில்லை. வந்தபோது இடது முழங்கால் வீங்கியிருந்தது. நான்கு நாளில் அது வற்றி, கணுக்கால் வீங்கியது. பிறகு மணிக்கட்டு. "வலி ஒடம்புக்குள்ள வூடு மாத்திகினே இருக்குது" என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். உன் ஊருக்கு வந்துபோகும் ஒரு கம்பவுண்டர் ஊசி போட்டார், உன் அம்மா தைலம் வாங்கிக் கொடுத்தார்கள். பொங்கலுக்குள் வீக்கம் எல்லாம் போய்விட்டது. நல்லாகிவிட்டது என்று எல்லாரும் நினைத்தோம்.

நம் வகுப்பு மாடியில் இருந்தது. பொங்கல் லீவு முடிந்த பிறகு ஒன்றைக் கவனித்தேன். படிக்கட்டு திரும்புகிற இடத்தில் தினமும் உன் ரிப்பன் அவிழ்ந்தது. நீ நின்று, சுவரில் சாய்ந்து, பொறுமையாக அதைக் கட்டுவாய். மற்றவர்கள் நம்மைத் தாண்டி மேலே போய்விடுவார்கள். முதல் வாரம் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது வாரம், நீ கையைப் பின்னால் கொண்டுபோய் ரிப்பனை நீயே அவிழ்ப்பதைப் பார்த்துவிட்டேன்.

அன்றைக்கு மதியம் சைக்கிள் ஸ்டாண்டின் பின்னால் என்னைக் கூட்டிப்போனாய். என் உள்ளங்கையை எடுத்து உன் சட்டையின்மேல், நெஞ்சுக்கு இடது பக்கம் வைத்து அழுத்தினாய். நீ ஓடிவிட்டு வந்திருக்கவில்லை, பத்தடி நடந்திருந்தாய். என் கை தூக்கித் தூக்கிப் போட்டது. கைக்குள் ஒரு கோழிக்குஞ்சைப் பிடித்த மாதிரி இருந்தது.

"மைன்ஸ்ல வெக்கிற வெடிய எனக்குள்ளயும் வெச்சுகினே இருக்கான் பாரு" என்றாய்.

"எங்கம்மாகிட்ட சொல்லலாம்டி. அவங்க நர்ஸ்தானே."

"அதனாலதான் ஒன்னாண்ட சொல்ல பயந்தேன்." உன் முகம் மாறியது. "எங்க அக்கா எட்டாவது படிக்கும்போது பிரேயர்ல மயங்கி வுழுந்துச்சு. ஒரே ஒரு தடவ. பொட்டப்புள்ள ரோட்ல வுழுந்து கெடந்தா யாரு தூக்கறதுன்னு எங்கப்பா ஸ்கூல நிறுத்திட்டாரு. அடுத்த வருஷம் கல்யாணம். எனக்கு நெஞ்சு வலின்னு தெரிஞ்சா என்னையும் நிறுத்திடுவாரு. யார்கிட்டயும் சொல்லாத, அல்வா. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். உன் தலையில் கை வைத்துப் பண்ணினேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குப் பயமாக இல்லை, சந்தோஷமாக இருந்தது. வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். உன்னோடு சிநேகமாக இருக்க எத்தனையோ பேர் ஆசைப்பட்டார்கள். முக்கியமாக கோ-கோ கேப்டன் ஷீலா. அவர்கள் யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும். உன் நோய் எனக்குச் சொந்தம் போல இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வருஷம் உன்னை மறைப்பதே என் வேலை. வலி அவ்வப்போது திரும்பி வந்தது. தைலத்தை நீ வீட்டில் தேய்த்தால் கேள்வி வரும் என்று டப்பா என் ஜியாமெட்ரி பாக்ஸுக்கு வந்தது. கணக்கு டீச்சர் மூக்கைச் சுளித்து, "யாருக்குடி தலைவலி?" என்பார். நான் கையைத் தூக்குவேன். படிக்கட்டில் உன் பையை நான் தூக்கினேன். ஓட முடியாத நாட்களில் பி.டி. டீச்சரிடம் போய், உனக்கு "அந்த மூணு நாள்" என்று சொன்னேன். உண்மையில் நீ இன்னும் வயசுக்கு வந்திருக்கவில்லை. நான்தான் வந்திருந்தேன், அந்த ஜூலையில். எப்படி நடக்க வேண்டும், பெஞ்சிலிருந்து எழுந்ததும் எப்படிப் பாவாடையைத் திரும்பிப் பார்க்க வேண்டும் என்று உனக்கு நடித்துக் காட்டினேன். நீ என்னைப் போலவே நடந்துகாட்ட, இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரிப்பு உனக்கு இருமலாக மாறி நெடுநேரம் நிற்கவில்லை.

பி.டி. டீச்சர் ஒருநாள் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "ஏண்டி, இவளுக்கு மட்டும் மாசத்துக்கு ரெண்டு தடவையா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது வெட்கம் என்று அவர் எடுத்துக்கொண்டார். மேற்கொண்டு கேட்கவில்லை. அந்த வயதுப் பெண்பிள்ளைகளிடம் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை என்பதை நாம் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டோம்.

கேட்டவள் என் அம்மா ஒருத்திதான். எட்டாம் வகுப்பு தொடங்கிய புதிது. ஒரு சனிக்கிழமை நீ எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாய். சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு மூன்று படி ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாய். அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அங்கேயே நின்று உன் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, அந்தப் பிள்ள ஏன் இப்படி மேல்மூச்சு வாங்குது?"

"எதிர்க்காத்துல சைக்கிள் மிதிச்சு வந்தாம்மா."

"கழுத்து நரம்பெல்லாம் துடிக்குல்லா. ஒருநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா. டாக்டர்ட்ட காமிச்சிருவோம்."

"சரிம்மா."

அவ்வளவுதான். பத்து விநாடிகூட ஆகியிருக்காது. அம்மா சோற்றை வடிக்கத் திரும்பிவிட்டாள். அந்த வாரம் அவளுக்கு நைட் டியூட்டி, அடுத்த வாரம் ஊரில் தாத்தா படுத்துவிட்டார். அவள் மறந்தாள். நான் மறக்கவில்லை, கூட்டிப்போகவும் இல்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அல்லது எனக்கு இப்போது அப்படித் தோன்றுகிறது. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் உன் பாதத்தில் வாரின் தடம் பள்ளமாகப் பதிந்திருந்தது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. நாம் அதில் விளையாடினோம், குழி நிரம்ப எத்தனை எண்ணலாம் என்று. ஒருநாள் இருபத்தைந்து வரை எண்ணினோம். உன் உதட்டோரம் நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. "படுத்தா யாரோ நெஞ்சு மேல ஏறி உக்காந்துகினு இருக்குற மாரி இருக்குது. அரிசி மூட்டைல சாஞ்சிகினுதான் தூங்கறேன்" என்றாய்.

அந்த வாரம் அம்மாவின் பழைய நர்சிங் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். தடித்த ஆங்கிலப் புத்தகம், எனக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. இதயத்தின் படம் போட்ட பக்கத்தில் பென்சிலால் அடிக்கோடிட்ட ஒரு வரி புரிந்தது. நோயாளியால் மல்லாந்து படுக்க முடியாது என்று இருந்தது. கால் வீக்கம் என்றும் இருந்தது. அடுத்த பத்தியைப் படிக்காமல் மூடி, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

மறுநாள் உன்னிடம் சொன்னேன். புத்தகத்தில் உன்னைப் பற்றி இருக்கிறது என்று, ஏதோ பேப்பரில் உன் பெயர் வந்த மாதிரி.

நீ நேராகக் கேட்டாய். "செத்துடுவேன்னு போட்ருக்குதா?"

"அப்படில்லாம் ஒண்ணும் போடல."

நான் அதுவரை படிக்கவே இல்லை என்பதை உன்னிடம் சொல்லவில்லை.

சுரங்கத்தைப் பற்றி அப்பா அடிக்கடி ஒன்று சொல்வார். கரிக்கு அடியில் தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கிறது, இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒருநாள் நிறுத்தினாலும் அடித்தரை பொங்கிவிடும் என்பார். இப்போது மெஷின் ஓடுகிறதா என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். மெஷின் ஓடுகிறது, தண்ணீர் வெளியே போகிறது, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அப்பா சிரிப்பார். நான் எழுந்து போய்விடுவேன்.

ஜனவரியில் வட்டார அளவிலான கோ-கோ போட்டி வந்தது. இரண்டு மாதமாக நீ பயிற்சிக்கே போகவில்லை. ஆனாலும் ஷீலா உன்னை விடவில்லை. "கடைசி ரெண்டு நிமிஷம் மட்டும் எறங்குடி, போதும்" என்று கெஞ்சினாள். நீ சரி என்றாய்.

"வேணாம்டி" என்றேன்.

"ரெண்டு நிமிஷந்தான் அல்வா. ஒருவாட்டி மெடலு வாங்கிட்டா எங்கப்பா ஒம்போதாவது அனுப்புவாரு. பி.டி. டீச்சரு வூட்டுக்கு வந்து பேசறேன்னு சொல்லிருக்காங்க. அப்பறம் நானே ஒங்கம்மாவாண்ட வந்து காமிக்கறேன். போட்டி முடியட்டும்."

நீ கணக்குப் போட்டு வைத்திருந்தாய். நான் ஒப்புக்கொண்டேன். இதற்கு முந்தைய எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டதைப் போலவே.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம் நடந்ததை நீ அறிவாய் என்றுதான் நினைக்கிறேன். நான் வழக்கம்போல இரண்டு பைகளோடு வேப்ப மரத்தடியில் இருந்தேன். மைதானத்தின் நடுவில் ஷீலா உன் முதுகில் நம்பர் துணியை ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள். நீ கூச்சத்தில் நெளிந்தாய். அவள் ஏதோ சொன்னாள். நீ திரும்பி, அவள் கன்னத்தைக் கிள்ளி, எனக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாய்: "போடி மாம்பழம்!"

ஷீலாவின் அப்பா சேலத்துக்காரர்.

நீ பெயர் வைப்பது எனக்கு மட்டும் என்று நான் நினைத்திருந்தேன். மூன்று வருஷமாக அப்படித்தான் நினைத்திருந்தேன். உன் பையை மரத்தடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

காலையில் அம்மா வெள்ளை யூனிஃபார்ம் உடுத்தி, கண்ணாடி முன்னால் தொப்பியைக் குத்திக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரிப்பன், வீக்கம், அரிசி மூட்டை, உதடு, பாதத்தில் விழும் குழி. பாடம் ஒப்பிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னேன். அம்மா கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். ஊக்கு அவள் விரல்களுக்கிடையில் அப்படியே நின்றது.

"எத்தன நாளா?"

"ஒரு வருஷமா."

அவள் என்னை அடிக்கவில்லை. அடிப்பாள் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மொபெட் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் போனபோது போட்டி தொடங்கியிருந்தது. நீ இன்னும் இறங்கவில்லை. கோட்டுக்கு வெளியே, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். வெள்ளை யூனிஃபார்மில் அம்மா மைதானத்தைக் குறுக்கே கடந்து வருவதை எல்லாரும் பார்த்தார்கள். விசில் நின்றது. அம்மா உன் பக்கத்தில் குந்தி, மணிக்கட்டைப் பிடித்து, தன் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு உன் காலை அழுத்திப் பார்த்தாள். குழி விழுந்தது. பி.டி. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டார்.

"எந்திரிம்மா. மெதுவா. ஓடக் கூடாது என்ன" என்றாள் அம்மா.

நீ அழவில்லை, மறுக்கவும் இல்லை. முதுகுக்குக் கையை விட்டு ஊக்கை நீயே கழற்றினாய். நம்பர் துணியை நான்காக மடித்து ஷீலாவிடம் கொடுத்தாய். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மொபெட் வரை நடந்தாய். நான் நின்ற இடத்தைத் தாண்டித்தான் போனாய். என்னைப் பார்க்கவில்லை.

அம்மா வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் உன்னைச் சேர்த்து, அங்கிருந்து புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். தொண்டையில் தொடங்கி மூட்டுக்கு வந்த காய்ச்சல் இதயத்தின் வால்வைத் தின்றிருக்கிறது என்றார்கள். ஒரு மாதம் கழித்து வந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்றார் டாக்டர். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால், வால்வு இவ்வளவு கெட்டிருக்காது என்றும் சொன்னார். அம்மா வீட்டுக்கு வந்து இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள். பிறகு, "அன்னைக்கே ஒங்கிட்ட கேட்டேன்லா" என்றாள். அந்த ஒரு தடவைதான். அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அதைப் பேசியதில்லை.

நீ சொன்னது அப்படியே நடந்தது. புதுச்சேரியிலிருந்து உன்னைக் கூட்டிவந்த பிறகு, உன் அப்பா வேலையிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

"நல்ல வேள பாத்தீங்கமா. எங்க கொலசாமி மாரி வந்தீங்க. இனிமே அத ஸ்கூலுக்கு அனுப்பல. இருக்குற வரைக்கும் வூட்லயே கண்ணு முன்னாடி இருக்கட்டும்."

அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். மாடிப்படி ஏறாமல் கீழ் வகுப்பில் உட்காரவைக்கலாம் என்றாள். நானே பேசுகிறேன் என்றாள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். ஆனால் மாறவில்லை. கெட்டவர் இல்லை அவர். பயந்துபோயிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உன் வீட்டுக்கு வந்தேன். நீ கயிற்றுக்கட்டிலில் இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாய். அம்மா உன் அம்மாவுக்கு மாத்திரைகளை விளக்கிக்கொண்டிருந்தாள். நீ சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாய். நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, "உன்னைக் காப்பாத்தத்தான்டி சொன்னேன்" என்றேன்.

நீ திரும்பாமலே, மெதுவாக, அவர்களுக்குக் கேட்காதபடி சொன்னாய்.

"பொய் சொல்லாத. நான் மூச்சு வாங்கினப்போ நீ சொல்லல. கால் வீங்கினப்போ சொல்லல. நான் அவகூட சிரிச்சேன், சொல்லிட்ட."

பதின்மூன்று வயதில் உனக்கு அது எப்படித் தெரிந்தது? எனக்கே அது தெளிவாகத் தெரிய இன்னும் பத்து வருஷம் ஆனது.

அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை. நான் ஒன்பதாவது போனேன், பத்தாவது போனேன், கோயம்புத்தூரில் கல்லூரிக்குப் போனேன். இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை நீ ஆஸ்பத்திரிக்கு ஊசி போட்டுக்கொள்ள வருவதை அம்மா சொல்வாள். இருபது வயதில் உனக்கு வால்வு மாற்றினார்கள். பிறகு கல்யாணம். எல்லாம் செய்தியாகத்தான் வந்தது.

ஒரே ஒரு தடவை பார்த்தோம். நமக்கு இருபத்தாறு வயது. நான் வேலை பார்க்கும் கடலூருக்குப் போக ஆர்ச் கேட் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். பின்னாலிருந்து, "இன்னா அல்வா, ஆள் அடையாளம் தெரியலயா?" என்று குரல். இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தையோடு நீ. மெலிந்திருந்தாய். பஸ் ஏதும் இல்லாத ஒரு நிமிஷ அமைதியில் எங்கிருந்தோ டிக் டிக் என்று கேட்டது. நான் உன் கையைப் பார்த்தேன்.

"வாட்ச் இல்ல. நாந்தான்" என்றாய். "இரும்பு வால்வு. இவளத் தூங்கவெக்கத் தாலாட்டே தேவையில்ல, இதக் கேட்டுகினே தூங்கிடறா."

உன்னிடம் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்ல முயன்றேன். நீ கையை ஆட்டி நிறுத்தினாய்.

"நீ சொன்னதாலதான் நானு உசுரோட இருக்கறேன். இவளும் இருக்கறா. அது எனக்குத் தெரியும். ஆனா பத்தாவது ஃபெயிலுன்னு சொல்லிக்கக்கூட எனக்கு வழியில்ல பாரு. ரெண்டும் நீதான் பண்ண. அதனால ஒன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். உன் பஸ் வந்தது. ஏறும்போது குழந்தையின் கையை எடுத்து எனக்கு ஆட்டிக் காட்டினாய். பஸ் திரும்பும்வரை அது ஆடிக்கொண்டே இருந்தது.

போன வருஷம் ஷீலாதான் போன் செய்து சொன்னாள். நான் கடலூரிலிருந்து வருவதற்குள் எடுத்துவிட்டார்கள். வடலூர் பக்கம் உன் அக்கா வீட்டு வாசலில், சாவுக்குப் போட்ட சாமியானா இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. உன் நாத்தனார் கல்யாண வேலையில் நீ ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை விட்டிருக்கிறாய். மூச்சு வாங்கத் தொடங்கியிருக்கிறது. கல்யாணம் முடியட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை. உன் அக்கா தலையில் அடித்துக்கொண்டு, "யாருக்குமே தெரியாதும்மா, ஒருத்தருக்குமே தெரியாது" என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

உன் மகள் பின்கட்டில், துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தாள். ஒன்பது வயது. உன்னுடைய நெற்றி. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். யார் என்று அவள் கேட்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"எனக்குத் தெரியும். அம்மா யார்கிட்டயும் சொல்லாதன்னு சொன்னாங்க. நான் சொல்லல."

உன் தப்பு இல்லை என்று அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒன்பது வயதுக் குழந்தையிடம் யாரும் முதலில் சொல்ல வேண்டியது அதுதான். ஆனால் அது வெறும் ஆறுதல் வார்த்தையாகப் போய்விடும் என்று பயந்தேன். எனவே எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

"நானும் உங்கம்மாவுக்காக யார்கிட்டயும் சொல்லாம இருந்திருக்கேன். சின்ன வயசுல."

அவள் அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "எவ்ளோ நாளு?"

"ஒரு வருஷம்."

"நான் பதினோரு நாளு" என்றாள்.

அவளை அணைத்துக்கொண்டேன். உன் தப்பு இல்லை என்று அப்புறம் பலமுறை சொன்னேன், ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் சொல்கிறேன். கேட்டுக்கொள்கிறாள். நம்புகிறாளா என்று தெரியவில்லை.

அவள் அப்பா வெளியூர் வேலைக்குப் போய்விட்டதால் உன் அக்காதான் அவளை வளர்க்கிறாள், நன்றாகத்தான். பள்ளிக்கூடத்தை நிறுத்தவில்லை. முடிந்த ஞாயிறெல்லாம் நான் கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் போகிறேன். வீட்டுப்பாடம் பார்க்கிறேன், தலை பின்னிவிடுகிறேன். மூச்சு எப்படி வருகிறது என்று அவளுக்குத் தெரியாமல் கவனிக்கிறேன். என் அம்மா இரண்டு தடவை கூட வந்து அவள் தொண்டையை டார்ச் அடித்துப் பார்த்தாள்.

போன ஞாயிறு, நான் கிளம்பும் நேரத்தில், அவள் என் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒன்னு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கதானே?"

எவ்வளவு எளிது அதற்குத் தலையாட்டிவிடுவது. ஆட்டியிருந்தால் அந்த நிமிஷமே சொல்லியிருப்பாள். என் தலை ஆடத் தொடங்கியதை நானே உணர்ந்தேன். நிறுத்திக்கொண்டேன்.

"சொல்லிடுவேன்" என்றேன். "சொல்ல வேண்டியதா இருந்தா, கண்டிப்பா சொல்லிடுவேன். உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன். ஆனா சொல்லிடுவேன்."

அவள் வாரை விட்டாள்.

"அப்பன்னா வேணாம்" என்றாள்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அது என்னவாக இருக்கும் என்று யோசித்தேன். ஒரு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஏதாவது சின்னச் சண்டையாக இருக்கலாம், யாருடைய பென்சிலையாவது எடுத்ததாக இருக்கலாம். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். போன் செய்து உன் அக்காவிடம், பிள்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொன்னதை இன்று காலை உன் மகளிடமும் சொல்லிவிட்டேன். போனில் அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது. சீராகத்தான் இருந்தது.

நாளை லாரி வருகிறது. அப்பாவும் அம்மாவும் பாளையங்கோட்டைக்குப் போகிறார்கள். நான் அவர்களை ஏற்றிவிட்டு வடலூர் போகிறேன். அடுத்த ஞாயிறும் போவேன். அவள் சொல்லும்வரை போய்க்கொண்டே இருப்பேன். அவள் என் மேல் கோபப்படலாம். உன்னைப் போலவே, பேசாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளலாம். மன்னிக்காமலே இருந்துவிடலாம். இருக்கட்டும். இந்தத் தடவை, அவள் சொன்ன அன்றைக்கே சொல்லிவிடுவேன்.